வீட்டு விஷயம் வீதிக்கு வரட்டும்



"தாய்மார்கள் தங்கள் வாழ்க்கையை ஊரறிய ஏன் எழுதுகிறார்கள்?" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழைப்பிதழில் இதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார். "ஏம்மா, வீட்டு விஷயம் வீதிக்கு வரலாமா? கையில போன் இருக்குன்னு எல்லாத்தையும் எழுதிடறதா?" அவர் கோபத்தில் கேட்கவில்லை. பேத்தியை நினைத்துக்கொண்டு, கவலையோடு கேட்டார். அந்தக் கவலைக்கு மரியாதை கொடுத்துத்தான் இங்கே பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

ஐயா, நம் ஆரணியில் வீட்டு விஷயம் எந்தக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்தது? யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனாள், யாருக்கு மூன்றாவதும் பெண்ணாய்ப் பிறந்தது, யாருடைய வளையல் அடகுக்கடைக்குப் போனது, எல்லாமே விளக்கு வைப்பதற்குள் சேவூர் வரைக்கும் போய்விடும். அவளைப் பற்றி ஊர் பேசலாம், உறவு பேசலாம், குழாயடி பேசலாம். அவளே தன்னைப் பற்றி வாயைத் திறந்தால்தான் நமக்கு வீதி ஞாபகம் வருகிறது. தாயின் வாழ்க்கைக் கணக்கு இன்றுவரை மற்றவர் கையில் இருந்தது. அதைத் தன் கையால் எழுத வேண்டும் என்றுதான் அவள் எழுதுகிறாள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

தறிவீட்டிலிருந்தே தொடங்குகிறேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்வை போட்டு நெய்கிற சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும் என்பதை இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தறிக்குழியில் காலை விட்டு ஒருவர் உட்கார்ந்து நெய்வார். ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டு வாங்க வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவி, இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை. அதற்கும் முன்னால் ஊடைக்குத் தார் சுற்றி வைத்திருக்க வேண்டும். அவள் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். உத்தரத்திலிருந்து தொங்குகிற தூளியில் பிள்ளை. வலது கை ராட்டையைச் சுற்றுகிறது. இடது கை இழையைப் பிடித்து விடுகிறது. தூளியில் கட்டிய கயிற்றின் நுனி கால் கட்டைவிரலில் இருக்கிறது. இழை அறுந்தால் கை நிற்கும். கால் மட்டும் நிற்காது, நின்றால் பிள்ளை விழித்துக்கொள்ளும்.

சேலையை அறுத்து எடுத்துப் போய் முதலாளியிடமோ சங்கத்திலோ கொடுத்தால், கூலிப் புத்தகத்தில் ஏறுவது பெரும்பாலும் ஒரே ஒரு பெயர். தார் சுற்றியதற்கென்று அதில் தனி வரி கிடையாது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது, நானும் பெருமைப்பட்டேன். இன்றும் படுகிறேன். ஊருக்கு ஒரு பெயர் நிலைத்தது. தூளிக் கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டவளுக்கு எந்த ஏட்டில் பெயர் இருக்கிறது?

2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாடு முழுவதும் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்றது. கைத்தறியில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள் என்றும் சொன்னது. 2024இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இன்னொன்றைச் சொன்னது: வீட்டு வேலை செய்கிற பெண்கள் கூலியில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம், செய்கிற ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். இந்த எண்கள் நமக்கு வேண்டும். அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு அவை உதவும். ஆனால் அந்த 289 நிமிடத்துக்குள் அவள் என்ன நினைத்தாள், எதை விழுங்கினாள் என்பதை எந்தக் கணக்கெடுப்பாளரும் கேட்டு எழுத முடியாது. அவளேதான் எழுத வேண்டும்.

தமிழில் தாயைப் பாடாமலா விட்டார்கள் என்று கேட்பீர்கள். பாடினார்கள், உருகி உருகிப் பாடினார்கள். பெரியாழ்வார் யசோதையாகவே மாறிக் கண்ணனை நீராட அழைத்தார், பூச்சூட அழைத்தார். குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பாடினார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் என்று பருவம் பருவமாகப் பிள்ளையைக் கொஞ்சுவதற்கென்றே ஓர் இலக்கிய வகையை நம் மொழி வைத்திருக்கிறது. அதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அதில் ஒரு குறை சொல்லவும் எனக்கு மனம் வராது. ஆனால் தாயின் குரலெடுத்து அப்படிப் பாடியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பிள்ளை தவழ்வது அந்தப் பாட்டில் இருக்கிறது. பால் கட்டி மார்பு கல்லாகிப் போன இரவு அதில் இல்லை. பிள்ளை சப்பாணி கொட்டுவது இருக்கிறது. வயிற்றுத் தையல் ஆறுவதற்குள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியவளின் இடுப்புவலி இல்லை. அதைத் தாங்கியவள் சொன்னால்தானே அது பாட்டுக்குள் வரும்!

எழுத்தறியாத நம் பாட்டிமார் சொல்லாமலும் இல்லை. தாலாட்டில் தாய்மாமன் பெருமையைப் பாடிக்கொண்டே, புகுந்த வீட்டில் பட்டதையும் நடுவில் ஒரு வரி சொருகிவிடுவார்கள். ஒப்பாரியில் இன்னும் தைரியம். செத்தவரைச் சுற்றி ஊரே நிற்கும்போது, பங்காளி வரப்பை நகர்த்தியதையும் நாத்தனார் சோற்றை மறைத்ததையும் ராகம் போட்டுச் சொல்வார்கள். ஒப்பாரி வைக்கிறவளை யாரும் பாதியில் நிறுத்துவதில்லை. ஊரறியத் தன் கதையைச் சொல்ல நம் தாய்மார்களுக்கு ஓர் இடம் இருந்தது, சாவு வீடாவது இருந்தது. இப்போது அதற்கும் கூலிக்குப் பாடுகிறவர்களையும் ஒலிபெருக்கியையும் வைத்துவிட்டோம்.

இங்கே ஒருவரை நீங்கள் மறக்காமல் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. மனசுக்குள் கதை ஊறிக்கொண்டே இருந்தது, ஆனால் சரளமாக எழுதத் தெரியாது. என்ன செய்தார்? பட்டம்மாள் என்ற தோழியை உட்கார வைத்து, தான் சொல்லச் சொல்ல அவரை எழுதச் சொன்னார். 'இந்திர மோகனா' நாடகம் அப்படித்தான் பிறந்தது. பிறகு தானே எழுதப் பழகினார். 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைக் கையில் எடுத்தார். 115 நாவல் எழுதினார். 1932இல் விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனார், அங்கேயும் எழுதினார். பிள்ளை பெற்றவர், குடும்பம் நடத்தியவர், இத்தனையும் செய்தார். ஒரு பட்டம்மாள் பக்கத்தில் உட்கார்ந்ததால் தொடங்கியது அது.

இன்று அந்தப் பட்டம்மாள் உங்கள் கையிலேயே இருக்கிறாள். 2017 ஆகஸ்டில் கூகுள் தமிழில் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது. நீங்கள் பேசினால் போன் எழுதிக்கொள்ளும். கை ராட்டையில் இருக்கட்டும், கால் தூளிக் கயிற்றில் இருக்கட்டும், வாய் சும்மாதானே இருக்கிறது? எழுத்துப்பிழை வருமே என்று நிறையப் பேர் கூச்சப்படுகிறார்கள். தமிழாசிரியையாக இருந்த நான் சொல்கிறேன்: பிழை வந்தால் வரட்டும். றகரம் ரகரம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படி எழுதிய தாய்மார்கள் இந்த நாட்டில் எங்கெங்கே இருந்து வந்தார்கள் என்று பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்கு வங்கத்தில் ராசசுந்தரி தேவி. 12 பிள்ளை பெற்றவர். பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பிய காலம். கணவர் வைத்திருந்த ஏட்டுச்சுவடியிலிருந்து ஓர் ஏட்டை ரகசியமாக எடுத்து, மகன் எழுதிப் பழகிய பனையோலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, அடுப்படியிலேயே எழுத்துக் கற்றுக்கொண்டார். வங்காளியில் வெளிவந்த முதல் தன்வரலாறு அவர் எழுதியது. இன்னொருவர் நம் காலத்தவர், பேபி ஹால்தார். 12 வயதில் தன்னைப்போல் இரண்டு மடங்கு வயதுள்ளவருக்குக் கட்டிவைத்தார்கள். அடி தாங்காமல் மூன்று பிள்ளைகளோடு ரயிலேறி டெல்லிப் பக்கம் வந்து வீட்டு வேலை செய்தார். புத்தக அலமாரியைத் துடைக்கும்போது அவர் கை நின்று நின்று போவதை அந்த வீட்டுப் பேராசிரியர் கவனித்தார். அவர் இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன் பிரபோத் குமார். ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்து, "உன் கதையை எழுது" என்று சொன்னார். 2002இல் இந்தியில் புத்தகமாக வந்தது, பிறகு உலக மொழிகளுக்கெல்லாம் போனது.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சி. 13 வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பெண், வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகி, எழுதக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு நடுவில் கவிதை எழுதினார். இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு கழிவறைக்குள் நின்றபடி எழுதுவார். தாள்களைத் துணிமணிக்குள் ஒளித்து வைப்பார். அதை ரகசியமாக வெளியே கொண்டுபோய் அச்சுக்கு அனுப்ப உதவியது யார் தெரியுமா? அவரைப் பெற்ற தாய். சல்மா என்ற புனைபெயரில்தான் உலகம் அவரை அறிந்தது. 2000இல் முதல் கவிதைத் தொகுப்பு, 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல், நடுவில் பேரூராட்சித் தலைவர் பதவி, இன்று மாநிலங்களவை உறுப்பினர். பதவிகளைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தாயைப் பற்றித்தான் அடிக்கடி நினைக்கிறேன். மகளின் படிப்பு நின்றபோது ஊர்க் கட்டுக்கு அடங்கிய வீடுதான் அது. அதே வீட்டிலிருந்து அதே தாய், மடியில் காகிதத்தை மறைத்துக்கொண்டு கிளம்பினார். தனக்குக் கிடைக்காத வழியை மகளுக்குத் திறந்துவிட அவருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்!

சரி, எழுதட்டும், நோட்டில் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொள்ளட்டுமே, ஊருக்கு ஏன் காட்ட வேண்டும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் நம் தெருவிலேயே இருக்கிறது. முன்பெல்லாம் விடிகாலையில் தெருவில் பாவு போடுவார்கள். தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, அறுந்த இழையைப் பார்த்துப் பார்த்துப் பிணைப்பார்கள். அந்த நேரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பேச்சு நடக்கும். பிள்ளைக்கு மாந்தம் என்றால் அங்கே ஒரு கைவைத்தியம் கிடைக்கும். வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்தார் என்றால் அங்கே ஒரு பெரியம்மா தட்டிக் கேட்பார். இன்று பாவு இயந்திரத்தில் ஓடி வருகிறது. திண்ணையை இடித்துக் கம்பிக்கதவு போட்டுவிட்டோம். பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய், அடுக்குமாடியின் நாலாவது தளத்தில் கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறார்கள். பேச்சுக்கு ஆள் இல்லாதவள் போனிடம் பேசுகிறாள் என்றால், ஆளை எடுத்தவர்கள் நாம்தான்.

இந்தத் தனிமை சின்ன விஷயம் இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறத் தாய்மார்கள் 359 பேரைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பார்த்து ஆய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். நூற்றில் 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு நோய் புதிதாக வந்திருந்தது. காரணங்களாக என்னென்ன கண்டார்கள்? வறுமை, மகனை எதிர்பார்த்த வீட்டில் மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் உறவு கசந்தது, கைவேலைக்கு உதவி இல்லாதது. அம்மா, இதில் எது நம் தெருவில் இல்லை?

நம் பக்கத்து இளம்பெண் ஒருத்தி, பெயரைச் சொல்ல மாட்டேன், குழந்தை பிறந்த மூன்றாவது வாரம் நடுராத்திரியில் முகநூலில் எழுதினாள்: "எல்லாரும் அழகான குழந்தைங்கிறாங்க. எனக்கு ஒண்ணுமே தோணல. நான் கெட்டவளா?" விடிவதற்குள் பதில்கள் வந்தன. ஷார்ஜாவிலிருந்து ஒரு தாய், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது, மருத்துவரைப் பார், சரியாகிவிடும் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பதில்களுக்கு நடுவில் ஒன்று அவளுடைய அடுத்த தெருவிலிருந்து வந்தது. தினமும் பால் வாங்கும்போது முகம் பார்த்துச் சிரித்துக்கொள்கிறவர்கள் இரண்டு பேரும். மறுநாள் காலையில் அவர் வீட்டுக்கே வந்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நீ போய்த் தூங்குமா" என்று சொன்னார். வீட்டு விஷயம் வீதிக்கு வந்ததால்தான், ஐயா, வீதி அந்த வீட்டுக்குள் வந்தது.

துயரம் பெரிதாகும்போது ஊரறியப் பேசுவதைத் தவிரத் தாய்க்கு வேறு ஆயுதமே இருப்பதில்லை. நம் பழைய வட ஆற்காட்டின் ஜோலார்பேட்டையைச் சேர்ந்தவர் அற்புதம்மாள். 1991 ஜூனில் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் அவருடைய 19 வயது மகனைக் கைது செய்தார்கள். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் விடுவிக்கும்வரை 30 ஆண்டுக்கு மேல் அந்தத் தாய் நடந்தார். அந்த வழக்கைப் பற்றி இந்த அரங்கிலேயே பல கருத்து இருக்கும், நான் அதற்குள் போகவில்லை. ஒரு துணிப்பையோடு ஊர் ஊராய்ப் போய்ப் பேசிய அவர், முதிய வயதில் சமூக வலைத்தளத்திலும் எழுதினார் என்பதைத்தான் சொல்கிறேன். இலங்கையின் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20இல் தொடங்கி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தைக் கையில் ஏந்தித் தாய்மார்கள் வீதியோரத்தில் உட்கார்ந்தார்கள். பதில் கிடைக்காமலே பலர் இறந்தும் போனார்கள். அவர்களிடம் போய் வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே என்று யாரால் சொல்ல முடியும்?

இனி எழுதுகிற தாய்மார்களுக்கு உரிமையோடு ஒன்று சொல்கிறேன். உங்கள் வாழ்க்கை உங்களுடையது. பிள்ளையின் வாழ்க்கை பிள்ளையுடையது. நீங்கள் பட்ட பிரசவ வலியை எழுதுங்கள். பத்து வயதுப் பையன் படுக்கையை நனைப்பதை எழுதாதீர்கள். மகள் வயதுக்கு வந்த செய்தியை, அவள் வாங்கிய குறைந்த மதிப்பெண்ணை, அவள் அழுத முகத்தைப் போடாதீர்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கச் சொல்கிறது. பெற்றோரே அள்ளிப் போட்டால் பிள்ளை யாரிடம் போய் முறையிடும்? அழுகிற குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் படம் பிடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. பள்ளிச் சீருடை, தெருப்பெயர் தெரிகிற படங்களும் வேண்டாம். நல்லவர்கள் மட்டுமா பார்க்கிறார்கள்?

இன்னொன்று. மருமகள் எழுதும்போது மாமியார் எப்போதும் கொடுமைக்காரியாகவே வருகிறார். சில வீடுகளில் அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாமியாரும் ஒரு காலத்தில் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து தூளிக் கயிற்றை இழுத்தவர். அவருக்கு எழுதத் தெரியாமல் இருக்கலாம். எழுதத் தெரிந்த மருமகள் ஒருநாள் அவரை உட்கார வைத்து, "அத்தை, உங்களுக்கு முதல் பிள்ளை பிறந்தப்ப என்ன நடந்துச்சு?" என்று கேட்டு எழுதட்டும். அவர் சம்மதித்தால் வெளியிடட்டும். அந்த வீட்டுச் சண்டை பாதியாகக் குறையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எழுத விருப்பமில்லாத தாயை யாரும் வற்புறுத்தவும் வேண்டாம். பேசாமல் இருப்பதும் அவள் உரிமை. எழுத விரும்புகிறவள் கையைப் பிடிக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். தமிழ்நாட்டுப் பெண்களில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவுதான் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. பல வீடுகளில் ஒரே போன். அது அப்பா சட்டைப்பையில் இருக்கும், இல்லாவிட்டால் மகன் விளையாடிக்கொண்டிருப்பான்.

அதனால் கடைசியாக, பின்வரிசையில் நிற்கிற தம்பிகளிடம் பேசுகிறேன். இன்றைக்கு ராத்திரி சாப்பாடு ஆனதும் பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள். அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். போனில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து, அந்த ஒலிவாங்கிப் படத்தை எப்படித் தொட வேண்டும், எப்படிப் பேச வேண்டும், எப்படிச் சேமித்து வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுங்கள். யாரெல்லாம் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்கிற இடத்தையும் மறக்காமல் காட்டுங்கள். அம்மா இரண்டு தடவை கேட்டால் இரண்டு தடவையும் பொறுமையாகச் சொல்லுங்கள். காட்டி முடித்ததும் போனை அவர் கையிலேயே விட்டுவிட்டு வெளியே போங்கள். தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்காதீர்கள். அவராகக் கூப்பிட்டுக் காட்டினால் படியுங்கள்.